உடம்பு எனக்கு, இன்ஜின் அவருக்கு

எங்கள் குடும்பத்தில் ஒரே கார் இரண்டு பேருக்குப் பங்கு விழுந்தது. உடம்பு எனக்கும் என் கணவருக்கும். இன்ஜின் என் கணவரின் அண்ணனுக்கு. இதைக் கேட்டதும் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 1988-ஆம் வருஷம், தண்டாயுதபாணி சந்நிதியில், நான்கு பெரிய மனிதர்கள் முன்னிலையில் நடந்த காரியம் அது. நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பைத்தியக்காரி என்று என்னைத்தான் சொல்வீர்கள்.

என் பெயர் மெய்யம்மை. பினாங்குப் பெண். 1970-இல் கல்யாணமாகி கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது, கிள்ளானில் இருந்த புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போக என் மாமனார் ராமசுப்பிரமணியன் செட்டியாரின் கார் வந்திருந்தது. 1958-ஆம் வருஷத்து ஹம்பர் ஹாக். கீழே பச்சை, மேலே வெண்ணெய் நிறம். முன்பக்கம் அகலமாக, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் போல நிதானமாக இருந்தது. பின் சீட்டில் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவே என்னை உட்கார வைத்தார்கள். புதுப்பெண் தலையைக் குனிந்து கொள்ள வேண்டும். நான் குனிந்துதான் இருந்தேன். ஆனால் கண் முழுக்க டிரைவர் ரெங்கசாமியின் கைமேல் இருந்தது. ஸ்டீரிங்கின் கழுத்திலிருந்து நீண்ட கியர் தண்டை அவர் இரண்டு விரலால் மேலே தள்ளுகிறார், கீழே இழுக்கிறார், அவ்வளவு பெரிய வண்டி சொன்னபடி கேட்கிறது. கிள்ளான் வந்து சேருவதற்குள் எனக்கு ஆசை வந்துவிட்டது. என்றாவது ஒரு நாள் இந்த வண்டியை நான் ஓட்ட வேண்டும்.

ஆசையை மாமியாரிடம் சொன்னேன். "நம்ம வீட்டுப் பொம்பளைக கார் ஓட்டுறதா?" என்று கேட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். நான் விடவில்லை. நாங்கள் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸுக்குத் தனிக்குடித்தனம் வந்த பிறகு லைசென்ஸ் எடுத்தேன். எங்களிடம் இருந்த சின்ன டாட்சனை ஓட்டிக்கொண்டு போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசுக்கு டைப்பிஸ்ட் வேலைக்கும் போய் வந்தேன். டாட்சனை எனக்குப் பிடிக்கும். ஆனால் கிள்ளான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் வந்ததில்லை.

மாமனார் இறப்பதற்கு ஆறு மாதம் முன்னால் ஹம்பர் புகை விட ஆரம்பித்தது. இன்ஜினைக் கழற்றி வேலை பார்த்துக் கொண்டுவந்து, திரும்ப மாட்டுவதற்கு முன் பின்கட்டுச் சாமான் அறையில் பலகைமேல் வைத்தார்கள். அதற்குள் அவர் படுக்கையில் விழுந்தார். ரெங்கசாமியும் வயதாகி செலாயாங்கில் மகள் வீட்டோடு போய்விட்டார். கார் ஷெட்டில் நின்றது. இன்ஜின் சாக்கைப் போர்த்திக்கொண்டு பின்கட்டில் கிடந்தது.

பிறகு பங்கு பிரிக்கும் நாள் வந்தது. எங்கள் செட்டியார் சமூகத்தில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. எங்கள் வீட்டில் இரண்டு புள்ளி: பெரியவர் நாராயணன், சின்னவர் என் கணவர் குமரப்பன். வீட்டுச் சாமான்களை ஒன்று விடாமல் எழுதி, சமமாக இரண்டு பட்டியலாக்கி, சாமி பாதத்தில் வைத்துத் திருவுளச்சீட்டு எடுப்பது வழக்கம். எழுதுகிற வேலையை என் கணவரிடம் கொடுத்தார்கள், கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். அவருக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் பட்டதைப் பட்டபடியே எழுதுவார். யோசிப்பது தன் வேலையில்லை என்று நினைப்பவர். ஷெட்டுக்குள் போனார்: ஹம்பர் கார் ஒன்று. சாமான் அறைக்குப் போனார்: வெண்கலப் பானை மூன்று, மூங்கில் ஏணி ஒன்று, மோட்டார் இன்ஜின் ஒன்று.

பட்டியலை இரண்டாகப் பிரித்த நான்கு பெரியவர்களும் அந்த வரியைப் படித்தார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. "நான் கெணத்துத் தண்ணி பம்புன்னுல்ல நெனச்சேன்," என்று அவர்களில் ஒருவர் பிற்பாடு சொன்னார்.

குருக்கள் சீட்டு எடுத்துக் கொடுத்தார். எங்கள் பட்டியலை முதலில் வாசித்தார்கள். ஹம்பர் கார் ஒன்று என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்நிதியில் நிற்கிறோம் என்பதையும் மறந்து கணவரின் கையைப் பிடித்துக் கிள்ளினேன். அப்புறம் பெரியவர் நாராயணனின் பட்டியல். பானை, ஏணி, மோட்டார் இன்ஜின் ஒன்று.

பெரியத்தான் நிமிர்ந்தார். என் கணவரின் அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அதிகம் பேசாத, நெட்டையான மனிதர். கிள்ளானில் பேனா, நோட்டு விற்கும் கடை வைத்திருந்தார்.

"அது அந்தக் காரோட இன்ஜினுல்ல?" என்றார்.

எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள்.

"அது தனியா இருந்துச்சு. தனியா எழுதுனேன்," என்றார் அவர்.

சாமி பாதத்திலிருந்து எடுத்த சீட்டைத் திருத்த முடியாது. இரண்டு புள்ளியும் மனமொத்து மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நான் உடனே கேட்டேன். எங்களுக்கு விழுந்த தேக்கு அலமாரியைக் கொடுக்கிறேன், இன்ஜினைத் தாருங்கள். பெரியத்தான் தலையை ஆட்டினார். "காரைக் குடுங்க. இன்ஜினோட சேத்து நான் வச்சுக்கிறேன். அலமாரி உங்ககிட்டயே இருக்கட்டும்." நான் மாட்டேன் என்றேன். அவரும் மாட்டேன் என்றார். "அப்ப முருகன் குடுத்தது அவங்கவங்ககிட்ட இருக்கட்டும்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முதலில் கணவர்மேல், அடுத்து பெரியத்தான்மேல், கடைசியில் தண்டாயுதபாணிமேலும் கொஞ்சம்.

இனி அந்தக் கார் ஓட வேண்டுமென்றால் அதற்கு வேறு உயிர் தேட வேண்டும். தேட வேண்டியது என் மேசைமேலேயே இருந்தது. ஆபீசில் நான் நாள்தோறும் டைப் அடிக்கும் சரக்குப் பத்திரங்களில், ஜப்பானிலிருந்து வரும் கண்டெய்னர்களில், 'ஹாஃப்-கட்' என்று ஒரு சரக்கு வரும். டொயோட்டா கிரவுன் ஹாஃப்-கட் நான்கு, நிஸ்ஸான் ஹாஃப்-கட் ஆறு. வருஷக்கணக்கில் அடித்திருக்கிறேன். அது என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் கணவரைக் கேலி செய்ய எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை, பத்திரத்தில் இருந்த முகவரியை எழுதிக்கொண்டு நேரே போனேன். கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் நடுவே, புதுத் தொழிற்சாலைகளுக்காகச் செம்மண்ணை வழித்துச் சமப்படுத்திய நிலத்தின் ஓரமாக இருந்தது தம்புசாமியின் பட்டறை. உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். சுவரோரம் முழுக்கக் கார் முகங்கள். முன் கதவுக்குப் பின்னால் ரம்பத்தால் அறுத்து, முன்பாதியை மட்டும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். விளக்கு இருக்கிறது, ஸ்டீரிங் இருக்கிறது, முன் சீட்டுக்கு அப்பால் வெட்டவெளி. ஒரு பாதிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். சாவியில் குட்டி மணி ஒன்று தொங்கியது. சாம்பல் கிண்ணத்தில் பாதி மிட்டாய்ப் பொட்டலம். ஜப்பானில் யாரோ ஒருவர் இதை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். மிச்சத்தை எடுத்துக்கொள்ளாமல் ஏன் போனார்?

"ஓடுற வண்டியை எதுக்கு வெட்டுறாங்க?" என்று தம்புசாமியிடம் கேட்டேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், குட்டையாக, கையெல்லாம் கிரீஸ்.

"அங்க கொஞ்ச வருஷம் ஓடிட்டா செக்கிங்ல கழுத்தப் புடிப்பானுங்க அக்கா. வச்சிருக்கிறதவிட வித்துடுறது லாபம். முழுசா கொண்டாந்தா இங்க வரி ஜாஸ்தி. அதான் வெட்டு. இன்ஜின் எல்லாம் சும்மா புதுசு மாதிரி இருக்கும்லா." கையைத் துடைத்துக்கொண்டார். "உங்க கார் என்னா கார்?"

சொன்னேன். பங்கு பிரித்த கதையையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எல்லாரும் முழுக் கார் வச்சிக்கிட்டு பாதி வாங்க வருவாங்க. நீங்க மட்டுந்தான் பாதி வச்சிக்கிட்டு பாதி கேக்குறீங்க."

அடுத்த வாரம் லோரி வைத்து ஹம்பரைக் கிள்ளான் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தோம். பெரியத்தான் வெளியே வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது.

அந்த ஏழு மாதச் சனிக்கிழமைகளைப்போல் சந்தோஷமான நாட்கள் எனக்கு அதிகம் இருந்ததில்லை. மதியம் ஆபீஸ் விட்டதும் பட்டறைக்குப் போய்விடுவேன். நாங்கள் பார்த்து எடுத்த டொயோட்டா கிரவுனின் இன்ஜினை உடனே தூக்கி வைத்துவிட மாட்டார்கள். அட்டைப் பெட்டிகளைக் கிழித்து அதே அளவுக்கு ஒரு பொம்மை இன்ஜின் செய்து, ஹம்பரின் பானெட்டுக்குள் இறக்கிப் பார்த்தார் தம்புசாமி. இங்கே இடிக்கிறது, அங்கே இரண்டு விரல் இடம் இருக்கிறது என்று அட்டையில் பென்சிலால் கோடு போட்டார். நான் கேள்வி மேல் கேள்வி கேட்பேன். இது எதற்கு, அது எங்கே போகிறது, இதைக் கழற்றினால் என்ன ஆகும்? முதல் மாதம் பொறுமையாகச் சொன்னார். இரண்டாம் மாதம் என் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டார்.

எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. கதவுகளின் கனம், மரப்பலகை பதித்த டேஷ்போர்டு, வட்ட வட்டமான மீட்டர்கள், பெரிய ஸ்டீரிங் வளையம், இவற்றில் யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். ஆனால் ரெங்கசாமி வளைவில் திருப்பும்போது தோளெல்லாம் இறுகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கஷ்டம் எனக்கு எதற்கு? பவர் ஸ்டீரிங் போடுங்கள் என்றேன். கிரவுனின் ஆட்டோ கியர், கிரவுனின் பிரேக், ஏர்கண்டிஷன். ஏசி வாயை டேஷ்போர்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கச் சொன்னேன்.

"அக்கா, ஏசி இருக்கிறது தெரியணும். அதான் ஸ்டைல்," என்றார் தம்புசாமி.

"குளுந்தா போதும். தெரிய வேண்டாம்."

வீட்டில் என் கணவருக்கு வேறு கவலை. "இப்ப இது ஹம்பரா, டொயோட்டாவா?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"நீங்களே போய்ப் பாருங்க. பாத்து எப்பயும் போல எழுதுங்க," என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. சிக்னலில் நிற்கும்போதும், பாசாரில் மீன் வாங்கும்போதும் அதையே யோசித்தேன். ஒரு கார் என்பது அதன் உடம்பா, இன்ஜினா? முகத்தைப் பார்த்துத்தானே எனக்கு ஆசை வந்தது? முகம் இருக்கிறதே, அது போதாதா? போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல்முறை சாவியைத் திருப்பிய நாளன்று எதுவும் நடக்காததுபோல் இருந்தது. அவ்வளவு மெல்லிய சத்தம். "ஓடுதா?" என்று கேட்டேன். தம்புசாமி ஒரு டம்ளர் தண்ணீரைப் பானெட்டின் மேல் வைத்தார். தண்ணீர் மெல்ல நடுங்கியது. பட்டறைக்குப் பின்னால் இருந்த அந்தச் செம்மண் வெளியில் நான் ஓட்டினேன். ஒரு கையால் திருப்பினால் திரும்புகிறது. காலை வைத்தால் போகிறது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே என் புடவைத் தலைப்பு குளிரில் சில்லென்று இருக்கிறது. பத்தொன்பது வருஷ ஆசை. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். ஏழு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கினேன்.

இறங்கியதும் தம்புசாமி கேட்டார். "கெரான் யார் பேர்ல இருக்கு அக்கா?"

கெரான் என்றால் வண்டியின் பதிவு அட்டை. மொதல்ல பேப்பர் வேலையை முடிங்க என்று அவர் முதல் மாதமே சொல்லியிருந்தார். பார்த்துக்கலாம் என்று சொன்னது நான். இன்ஜின் மாறியதைப் பதிய வேண்டும், அதற்கு முன் வண்டி எங்கள் பெயருக்கு வர வேண்டும். கெரானோ மாமனார் பெயரில். அவர் சொத்தில் பங்கு வாங்கிய மற்ற வாரிசு, அதாவது பெரியத்தான், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் என் ஹம்பர் அந்தச் செம்மண் வெளியைத் தாண்டி ஒரு அடி ரோட்டில் இறங்க முடியாது.

கடிதத்தை டைப் அடித்து என் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். மூன்று தடவை போனார். மூன்று தடவையும் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தார். "யோசிக்கணுமாம்," என்றார். நாலாம் தடவை நானே போனேன்.

கிள்ளான் வீட்டு ஹாலில், சாமி அறைக்குப் பக்கத்தில், ஒரு கனமான மரச்சட்டத்தின் மேல் அந்த இன்ஜின் உட்கார்ந்திருந்தது. ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. "தினமும் குளிச்சிட்டு வந்து அதைத் தொடைக்கிறாக. நான் வெள்ளியைக்கூட அப்படித் தொடைக்கிறதில்ல," என்று பெரியத்தானின் மனைவி தெய்வானை ஆச்சி என் காதோடு சொன்னார். பெரியத்தான் நாற்காலியில் இருந்தார். நான் நின்றுகொண்டுதான் பேசினேன், அவர் முன்னால் எப்போதும் அப்படித்தான்.

"பெரியத்தான், ஒரு கையெழுத்துத்தானே?"

"எந்தக் காருக்கு?"

"நம்ம காருக்கு. மாமா காருக்கு."

"அப்பச்சி காரோட உயிரு இங்கயில்ல இருக்கு." இன்ஜினைக் காட்டினார். அப்பாவைத்தான் அவர் அப்பச்சி என்பார். "இது இல்லாம அது எப்படி அந்தக் காராகும்? இல்லாத காருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"ஓடாத இன்ஜினை வச்சு என்ன பண்ணப் போறீங்க? பூப் போட்டுக் கும்பிடப் போறீங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. ஆச்சி கையிலிருந்த காப்பி டபராவோடு அப்படியே நின்றுவிட்டார். பெரியத்தான் கோபப்படவில்லை. "எங்க அப்பச்சி கார்ல நான் கை வச்சது இது ஒண்ணுதான்," என்று மெதுவாகச் சொன்னார். அதன் அர்த்தத்தை நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன். எங்கள் வீடுகளில் அது சின்ன விஷயம் இல்லை.

மூன்று வாரம் போனது. இனி அந்த வண்டியை அட்டைப் பொம்மை மாதிரி பட்டறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்புசாமியும் நானும் டயர்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. பெரியத்தான் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேஷ்டி, சட்டைப்பையில் நான்காக மடித்த காகிதம். என் கடிதம்தான்.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். பழைய சத்தம், கனமான சத்தம். மறுபடி திறந்து மூடினார்.

"ஒரு ரவுண்டு போலாமா?" என்றார்.

பின் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. தம்பி பெண்டாட்டி பக்கத்தில் முன்னால் உட்காரக் கூடாது, சரிதான், ஆனால் என்னை டிரைவராக்கிவிட்டாரே! பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். செம்மண் வெளியில் ஒரு சுற்று.  கண்ணாடியில் பார்த்தேன். முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல கிளட்ச் இல்லையாமே?"

"இல்லை பெரியத்தான்."

"அப்ப இடது கால் என்ன பண்ணும்?"

"சும்மா இருக்கும்."

"நெசமாவா?" இன்னொரு சுற்று. "திருப்பும்போது எவ்வளவு திருப்பணும்னு எப்படித் தெரியும்? நிறுத்தணும்னா எவ்வளவு முன்னாடி காலை வைக்கணும்? ஒரே கால்தான் ரெண்டுக்குமா? அது எப்படி மாறிப் போகாம இருக்கும்?"

நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. கடைக்கு நடந்தே போவார், மற்ற இடத்துக்கெல்லாம் டாக்ஸி. வேறு கார் வாங்கவே இல்லை. அதை முதலாளித்தனம் என்று இருபது வருஷமாக நான் கேலி செய்து வந்திருக்கிறேன். வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அறுபதை நெருங்கும் மனிதர். காது மடல் சிவந்திருந்தது.

"அப்பச்சி விடல. முதலாளி வீட்டுப் பிள்ளை டிரைவர் வேலை பாக்குறதான்னு கேப்பாக. ரெங்கசாமி மட்டும், அப்பச்சி ஊர்ல இல்லாத அன்னைக்கி, பானெட்டைத் தெறந்து எண்ணெய் ஊத்தச் சொல்வான். பிளக்கைத் தொடைக்கச் சொல்வான். அதோட சரி. அப்பறம் வயசாயிருச்சு. இந்த வயசுல போயி எவன்கிட்ட எல் போர்டு மாட்டிக்கிட்டு நிக்கிறது?"

பெண்பிள்ளை என்பதால்தான் எனக்கு அந்த ஸ்டீரிங் கிடைக்கவில்லை என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அந்த வீட்டில் அதற்காக ஏங்கியது நான் ஒருத்தி மட்டும்தான் என்றும் நினைத்திருந்தேன். எனக்காவது கோபப்படத் தெரிந்தது, லைசென்ஸ் எடுத்தேன். அவருக்கு அதுவும் தெரியவில்லை. எண்ணெய் ஊற்றிய இடத்தைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டார்.  அன்று காப்பி குடிக்காமல் வந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

நான் இறங்கி முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இறங்கி வாங்க பெரியத்தான். இங்க உக்காருங்க."

"சீச்சீ, வேணாம்."

"லைசென்ஸ் கேக்க இங்க யாரும் இல்ல. மண்ணுதான் இருக்கு."

வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறினேன். எங்கள் வீட்டில் எந்த மருமகளும் மூத்தார் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் நேராகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டோம். தண்டை எங்கே வைக்க வேண்டும், காலை எப்படி வைக்க வேண்டும் என்று சொன்னேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி குதித்தது. தம்புசாமி டயர் அடுக்கின் மேல் ஏறி நின்று, "பெலான் பெலான் அங்கிள்! மெதுவா! மெதுவாலா!" என்று கத்தினார்.

மூன்றாம் முறை வண்டி குதிக்காமல் நகர்ந்தது. நடக்கிற வேகம்தான். அவர் மூச்சு விடுவதைக்கூட நிறுத்தியிருந்தார். வெளியின் கோடி வந்தது. "திருப்புங்க," என்றேன். திருப்பினார். அந்தப் பெரிய முகம் தயங்காமல் அவர் சொன்ன பக்கம் திரும்பியது. "திரும்புது," என்றார், ஏதோ நான் பார்க்காத அதிசயம்போல. "மெய்யம்மை, திரும்புது!" ஒரு சுற்று, இரண்டு, ஐந்து. வியர்வை நெற்றியில் வழிந்தது, ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அவரே பிரேக்கை மிதித்து நிறுத்தினார். நான் சொல்லவில்லை. கைகளை வளையத்திலிருந்து எடுக்கவில்லை.

"இது அந்தக் கார் இல்ல," என்றார்.

 எல்லாம் வீணாய்ப் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அந்தக் கார்ல என்னை இங்க உக்கார விட்டதே இல்ல. இது வேற கார்." சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "உன் கார். பேனா வச்சிருக்கியா?"

பேனாக் கடைக்காரர் பேனா இல்லாமல் வந்திருக்கிறார். என் கைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். காகிதத்தை ஸ்டீரிங்கின் நடுவில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். ஹாரன் அலறியது. இரண்டு பேரும் துள்ளிப் போனோம். டயர் அடுக்கின் மேலிருந்து தம்புசாமி பதறி இறங்கி ஓடி வந்தார்.

பெரியத்தான் காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, தம்புசாமியைக் கையை அசைத்து ஓரமாகப் போகச் சொல்லி, உள்ளங்கையை அங்கேயே வைத்து இன்னொரு தடவை அழுத்தினார்.